மாராவிலிருந்து ஓரேபுக்கு

கெய்ரோவில் கிளம்பிய பஸ், சூயஸ் கால்வாய்க்கு அடியில் செல்லும் சுரங்கப்பாதையைக் கடந்து சீனாய்ப் பக்கம் ஏறியதும், எங்களை அழைத்துச் சென்ற போதகர் மைக்கை வாங்கி, "இனி நாம் போவது சூர் வனாந்தரம்" என்றார். எனக்கு உடனே நினைவுக்கு வந்தவள் ஆகார். வேதாகமத்தில் கடவுளுக்கு முதன்முதலில் பெயரிட்டது ஆபிரகாம் அல்ல. அவர் வீட்டில் இருந்த எகிப்திய அடிமைப்பெண். கர்ப்பிணி, நாச்சியாருக்குப் பயந்து ஓடிவந்தவள். சூருக்குப் போகிற வழியருகே நீரூற்றண்டையில் உட்கார்ந்திருந்தபோதுதான், "நீர் என்னைக் காண்கிற தேவன்" என்றாள். ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஓர் ஆளைக்கூடக் காணோம். அந்த வெயிலில் அப்படிச் சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்குக் கடவுளின் இந்த மாதிரி நாமங்கள் புதிதல்ல. மளிகைக் கடைக்கு யேகோவாயீரே (கர்த்தர் பார்த்துக்கொள்வார்) என்று பெயர் வைப்போம். ஆட்டோவின் முதுகில் யேகோவாநிசி (கர்த்தர் என் கொடி) என்று எழுதுவோம். ஜெபக்கூட்டங்களில் சிலர் பணக்கஷ்டத்துக்கு ஒரு நாமம், வியாதிக்கு ஒரு நாமம் என்று மருந்துச்சீட்டு எழுதுவதுபோல எடுத்துக் கொடுப்பார்கள். அது எனக்கு என்றுமே பிடித்ததில்லை. என் கணவர் பக்கவாதத்தில் விழுந்து, வலது கையும் பேச்சும் போனபிறகு, அந்தப் பாட்டுகளைப் பாடவே வாய் வரவில்லை. இந்தப் பயணத்துக்குப் பணம் கட்டியது என் தம்பி. "நீ போய்விட்டு வா அக்கா, அத்தானை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அவன் வற்புறுத்தியதால்தான் கிளம்பினேன்.

முதலில் நின்ற இடம் அயூன் மூசா. பேரீச்ச மரங்களும் சில பழைய கிணறுகளும் இருக்கின்றன. பெதூயின் பெண்கள் பாசிமணி விற்கிறார்கள். இதுதான் மாரா என்பது ஒரு மரபு. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மோசேயோடு வெளியேறி, மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் நடந்து வந்த இஸ்ரவேலருக்கு இங்கே கிடைத்தது கசப்புத் தண்ணீர். அது மதுரமானபிறகுதான் "நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்" என்ற வார்த்தை வருகிறது. எங்களுக்கு அங்கே கொடுத்த நேரம் மிகக் குறைவு. போட்டோ எடுத்துக்கொள்ளவே சரியாக இருந்தது.

வாதி ஃபெய்ரான் என்ற பள்ளத்தாக்கைத்தான் நான் மறக்கமாட்டேன். பல மணி நேரம் மொட்டைப் பாறைகளையே பார்த்துவந்த கண்ணுக்குத் திடீரென்று நீளமான பேரீச்சந்தோப்பு. இஸ்ரவேலர் பாளயமிறங்கிய ரெவிதீம் இதுவே என்று பழைய காலத்திலிருந்தே யாத்திரிகர்கள் நம்பி வந்திருக்கிறார்கள். இங்கே கன்னியர் மடம் ஒன்று இருக்கிறது. எதிரே ஜெபல் தாஹூனா என்ற குன்று, அதன்மேல் பழைய சிற்றாலயங்களின் இடிபாடுகள். எதிர்த்து வந்த அமலேக்கியர் என்ற இனத்தாரோடு யுத்தம் நடந்தபோது மோசே கையை உயர்த்தி நின்றது அந்தக் குன்றில்தான் என்கிறார்கள்.

போதகர் யாத்திராகமம் 17ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசித்தார். யேகோவாநிசி என்றால் வெற்றிக்கொடி என்றுதான் எனக்குப் பழக்கம். அதே அதிகாரத்தின் முதல் பாதியில், அதே ரெவிதீமில், தாகத்தால் தவித்த ஜனங்கள் "கர்த்தர் எங்கள் நடுவில் இருக்கிறாரா இல்லையா" என்று கேட்டிருக்கிறார்கள். மருத்துவமனை வராந்தாவில் நான் கேட்டதும் அதுதான், வேறு வார்த்தைகளில். அதற்குப் பின்பு வரும் யுத்தத்திலும் மோசே வீரனாக நிற்கவில்லை. கைகள் அசந்துபோகின்றன. ஒரு கல்லைக் கொண்டுவந்து உட்காரவைக்கிறார்கள். அண்ணன் ஆரோன் ஒரு பக்கமும் ஊர் என்பவர் மறுபக்கமும் நின்று, சூரியன் அஸ்தமிக்கும்வரை கைகளைத் தாங்குகிறார்கள். இவ்வளவும் முடிந்தபிறகு கட்டிய பலிபீடத்துக்குத்தான் அந்தப் பெயர். கனத்த உடம்பைப் புரட்டிப் படுக்கவைத்துக் கை அசந்துபோனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. என் ஜெபக்குறிப்பு நோட்டில் யேகோவாநிசி என்று எழுதி, கீழே தம்பி பெயரையும் நாத்தனார் பெயரையும் எழுதினேன்.

ஓரேப் என்றும் சீனாய் என்றும் வேதாகமம் சொல்லும் மலை இதுதான் என்று மரபு காட்டும் ஜெபல் மூசாவின் உயரம் 2,285 மீட்டர். நடுராத்திரி தாண்டிய பிறகு டார்ச்சோடு ஏறத் தொடங்கினோம். ஒட்டகப் பாதை முடிந்தபிறகு சுமார் 750 கற்படிகள். முழங்கால் வலி உள்ளவர்கள் ஒட்டகம் இறக்கிவிடும் இடத்திலேயே நின்றுகொள்வது நல்லது, அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. உச்சியில் 1934இல் கட்டிய சிற்றாலயமும் ஒரு சிறிய மசூதியும் இருக்கின்றன. பற்கள் கிட்டித்துப்போகும் குளிர். விடியும்போது ஒருவர் 34ஆம் அதிகாரத்தை வாசித்தார்: "இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள தேவன்." ஜனங்கள் பொன் கன்றுக்குட்டியைச் செய்து வணங்கி, கட்டளைகள் எழுதிய கற்பலகைகள் உடைந்து, உறவே முறிந்ததுபோல் ஆனபிறகு கடவுள் தம்மைப்பற்றித் தாமே சொன்னது இது.

மலையடிவாரத்தில் பரிசுத்த கத்தரீனா மடம். 6ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் கட்டிய கருங்கல் மதிலுக்குள் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் துறவிகள் இன்றும் வழிபாடு நடத்துகிறார்கள். மதியத்துக்கு முன்பே கதவை மூடிவிடுவார்கள் என்பதால் கால் வலியோடு ஓடினோம். கடவுள் மோசேயை முதலில் அழைத்த, எரிந்தும் வெந்துபோகாத முட்செடி என்று காட்டப்படும் செடி, சுவரின்மேலிருந்து பச்சைப்பசேலென்று தொங்குகிறது. வேதாகமத்தில் முன்னால் வரும் சம்பவம், எங்கள் பயணத்தில் கடைசியில் வந்தது. அதுவும் நல்லதாகப் போயிற்று.

மற்ற நாமங்களில் ஏதோ ஒரு காரியம் நடந்திருக்கிறது: தண்ணீர் இனித்தது, எதிரி தோற்றான். இந்த முட்செடியண்டையில் இன்னும் ஒன்றுமே நடக்கவில்லை. பார்வோன் அரண்மனையில் இருக்கிறான், ஜனங்கள் செங்கல் அறுக்கிறார்கள், மோசேக்குப் போகவே மனமில்லை. அந்த நிலையில் உம்முடைய நாமம் என்ன என்று கேட்டவனுக்கு "இருக்கிறவராக இருக்கிறேன்" என்ற பதில். அதற்குச் சற்று முன்பு "நான் உன்னோடே இருப்பேன்" என்ற வாக்கு. குணமாவதைப்பற்றியோ எப்போது என்பதைப்பற்றியோ ஒரு வார்த்தைகூட இல்லை. என் கணவரின் கை வழங்காவிட்டாலும் இந்த நாமத்தைச் சொல்லி ஜெபிக்கலாம் என்பதால், ஊர் திரும்பியதிலிருந்து காலை ஜெபத்தில் அவருக்காக இதைத்தான் சொல்கிறேன். குழறலாக இருந்தாலும் ஆமென் மட்டும் அவரே சொல்கிறார்.