கண்ணைப் பொத்தினால் போதுமா?

நேற்று இரவுக் காட்சிக்குப் பேய்ப் படம் போயிருந்தேன். முன் வரிசையில் ஒரு பாப்பா, ஐந்து வயதுகூட இருக்காது. பேய் வரும்போதெல்லாம் அப்பா அவள் கண்ணைப் பொத்தினார். சரி, காதை யார் பொத்துவது? பேய்ப் படத்தில் பாதிப் பயம் சத்தத்தில்தானே இருக்கிறது! கதவு கிரீச்சிட்டதும் பாப்பா காலை இருக்கைமேல் இழுத்துக்கொண்டாள். மடியில் பாப்கார்ன் அப்படியே இருந்தது.

படத்துக்கு யுஏ 16+ சான்றிதழ். 2023 சட்டத் திருத்தத்தில் யுஏ-வை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். ஆனால் அது பெற்றோருக்கான யோசனை மட்டும்தான். வாசலில் நிறுத்தி வயது கேட்பதெல்லாம் 'ஏ' படத்துக்கு. (அங்கேயும் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பது வேறு கதை.)

"அது வெறும் மேக்கப்டா கண்ணு" என்பதெல்லாம் அந்த வயதில் எடுபடாது. எனக்கு ஏழு வயதில் பக்கத்து வீட்டு கேசட்டில் ஒரு பேய் பார்த்துவிட்டு, மாதக்கணக்கில் ராத்திரி பாத்ரூம் போக அம்மாவை எழுப்பியிருக்கிறேன்.

படம் விட்டு வெளியே வரும்போது பாப்பா அப்பா தோளில் கிடந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். கண் திறந்தே இருந்தது.