கிழிந்த தசை ஆறியது, கால் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை

பினாங்கில் வார இறுதியில் கால்பந்து ஆடும் கூட்டத்தில் நானும் ஒருவன். பந்தைத் துரத்தி முழு வேகத்தில் ஓடும்போது இடது தொடையின் பின்பக்கம் சுரீரென்று இழுத்தது. தசை முழுதாக அறுந்துவிடவில்லை, நார்கள் ஓரளவு கிழிந்திருக்கின்றன என்று ஸ்கேனில் தெரிந்தது. ஐஸ், எம்.சி. (மருத்துவ விடுப்பு), ஓய்வு என்று சில வாரம் போனது. வலியும் போனது.

தைப்பூசத்தன்று இங்குள்ள தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளையும் ஏறி இறங்கினேன். காலுக்கு ஒன்றும் செய்யவில்லை. "அப்புறம் என்னடா, கால் நல்லாயிடுச்சு"ன்னு அம்மாவுக்கு நிம்மதி. எனக்குச் சிகிச்சை தந்த பிசியோ (இயன்முறை மருத்துவர்) அக்கா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. படியேறும்போது பாரத்தைப் பெரும்பாலும் முன்தொடையும் பிட்டமும் தாங்கிக்கொள்ளும், அதை வைத்துப் பின்தொடையை எடைபோட முடியாது என்றார்.

குப்புறப் படுக்கவைத்து முழங்காலை மடக்கச் சொன்னார். குதிகாலைப் பிடித்து மெல்ல நீட்டி இழுத்தபடி, "விடாதீங்க தம்பி, எதிர்த்துப் பிடிங்க" என்றார். வலது தொடையில் தசை முறுக்கிய கயிறாகப் புடைத்து நின்றது. இடது காலில் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். என் கையை எடுத்து அந்தத் தசைமேல் வைத்தார். தொளதொளவென்று இருந்தது. வலி துளியும் இல்லை, ஆனால் பாதியிலேயே கால் நீண்டுவிட்டது.

"தசை ஆறிடுச்சு. மூளைதான் இன்னும் முழுசா உத்தரவு குடுக்கல."

தசை எவ்வளவு நீள்கிறது, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணில் எவ்வளவு இழுவிசை என்ற சேதி உள்ளேயிருக்கும் நுண்ணிய உணரிகளிலிருந்து தண்டுவடத்துக்கும் மூளைக்கும் ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். காயம் பட்டதும் அந்த இடத்தைக் காப்பாற்ற நரம்பு மண்டலம் தசைக்கு அனுப்பும் தூண்டலைக் குறைக்கிறது. காயம் ஆறிய பிறகும் சிலருக்கு அந்தத் தடை தங்கிவிடுகிறது, முக்கியமாகத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும்போது. வேகமாக ஓடுகையில் பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் பின்தொடைக்கு வாய்ப்பது அதே வேலைதான். ஒருமுறை கிழிந்தவர்களுக்கு மறுபடி கிழியும் வாய்ப்பு கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

இடது காலுக்குப் பாரம் கொடுக்க முடியாத நாட்களிலேயே அக்கா வலது காலுக்குப் பயிற்சி கொடுத்து வந்தது ஏன் என்று பிறகுதான் விளங்கியது. ஒரு கையைப் பழக்கினால் மற்றக் கைக்கும் பலம் கூடுகிறது என்று 1894-லேயே யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்சர் எழுதியிருக்கிறார். சும்மா இருக்கும் கையில் தசை பெருப்பதில்லை, மாற்றம் பெரும்பாலும் நரம்பு மண்டலத்தில்தான். எனக்கு இது பெரிய ஆச்சரியம்.

அடுத்த பயிற்சி வீட்டில். முழங்காலிட்டு உட்கார, தம்பி கணுக்கால் இரண்டையும் அமுக்கிப் பிடிப்பான். இடுப்பை மடக்காமல் முன்னால் மெல்லச் சாய வேண்டும். போனில் எடுத்த வீடியோவில் உடம்பு வலப்பக்கமே திரும்பியது, நேராகச் சாய்வதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் திருப்பம் குறையத்தான் அதிக நாள் பிடித்தது. ஓட்டத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டினோம்.

உங்களுக்கும் இப்படிக் கிழிந்திருந்தால், வலி போனதை மட்டும் வைத்துத் திடலுக்குப் போகாதீர்கள். தசை நீளும் நிலையில் இரண்டு காலின் பலத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லிப் பிசியோவிடம் கேளுங்கள். முழு வேகத்தில் ஓடவைத்தும் பார்க்கட்டும். அதன் பிறகு பூட்ஸை மாட்டலாம்.