பேக்கப் ஆளைத் தூக்கிவிட்டு யாரைப் போடுவதாம்?

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை நாலே முக்காலுக்குப் போன் அடித்தால் எந்த வீட்டிலும் பதறத்தான் செய்வார்கள். எங்கள் வீட்டில் செப்டம்பரிலிருந்து பதறுவதை விட்டுவிட்டார்கள். அக்கா பையன் அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கிறான், அவன் காலேஜ் ஃபுட்பால் டீம் தோற்றால் புலம்ப அவனுக்கு ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் நான். அங்கே சனிக்கிழமை மதியம் மூன்றரைக்கு ஆரம்பிக்கிற மேட்ச் நமக்கு இரவு ஒரு மணி. அது முடிகிற நேரத்துக்கு வேளச்சேரியில் எங்கள் தெருவுக்குப் பால் வந்துவிடும்.

போன வாரம் போனை எடுத்ததும் ஹலோகூட இல்லை. "மாமா, இவனைத் தூக்கணும். இனிமே ஒரு பந்துகூட இவன் கைக்குப் போகக்கூடாது." இங்கே வெளியே மழை, கரன்ட் இல்லை, நான் கொசு அடித்துக்கொண்டே கேட்டேன்.

விஷயம் இதுதான். அவர்கள் டீமின் முதல் குவார்ட்டர்பேக்குக்கு முட்டியில் அடி, இந்த சீசன் அவனுக்கு அவ்வளவுதான். இரண்டு வருஷமாக பெஞ்ச் தேய்த்துக்கொண்டிருந்த பேக்கப் பையன் உள்ளே வந்தான். வந்து இரண்டு மேட்ச், இரண்டும் தோல்வி, இரண்டிலுமாக ஐந்து தடவை பந்தை எதிராளி கையில் கொண்டுபோய் எறிந்திருக்கிறான். அவனுக்கு அடுத்து இருப்பது இந்த வருஷம்தான் ஸ்கூல் முடித்து வந்த பதினெட்டு வயதுப் பையன். அவனை இறக்கு என்று மொத்த காலேஜும் கத்துகிறதாம்.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பேர்தான் ஃபுட்பால், காலுக்கு வேலை குறைவு. பக்கத்துக்குப் பதினோரு பேர், நாலு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்து அடுத்தவனுக்கு. பெரும்பாலும் ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் வருவது குவார்ட்டர்பேக் கைக்குத்தான். எறியலாம், பக்கத்தில் இருப்பவனிடம் கொடுக்கலாம், தானே ஓடலாம், ஆனால் அதை முடிவு பண்ண இரண்டு மூன்று விநாடிதான் கிடைக்கும், அதற்குள் மாடு மாதிரி நாலு பேர் அவனைச் சாய்க்க ஓடி வருவார்கள்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது ஆபீஸால். ஓ.எம்.ஆரில் வேலை. கிளையன்ட் பக்கத்து மேனேஜர் ஒருவர் அலபாமா பல்கலைக்கழக டீமுக்கு வெறியர். சனிக்கிழமை அவர்கள் ஜெயித்திருந்தால் திங்கட்கிழமை மீட்டிங்கில் டெட்லைன் தானாக இரண்டு நாள் தள்ளிப்போகும். தோற்றிருந்தால் நமக்கு வாரம் முழுக்கச் சனி. அப்படித்தான் ஸ்கோர் பார்க்க ஆரம்பித்தேன், தற்காப்புக்காக.

சரி, இப்போது பெஞ்சுக்கு வருவோம். ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கிறவனுக்கு பெஞ்ச் என்ற வார்த்தையை யாரும் விளக்க வேண்டாம். பிராஜெக்ட் இல்லாமல் சும்மா உட்கார்ந்து, கேன்டீனில் மூன்றாவது டீ குடிக்கும்போது எச்.ஆர். எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற நிலைமை. அதைவிட மோசம் பேக்கப் ரிசோர்ஸ். ஒருத்தன் இரண்டு வருஷம் ஒரு பிராஜெக்டைத் தலையில் சுமந்துகொண்டிருப்பான், அவனுக்குப் பின்னால் ஒருத்தனை 'ஷேடோ' என்று உட்கார வைத்திருப்பார்கள், ஷேடோவுக்கு லாகின்கூட சரியாக இருக்காது. திடீரென்று முதல் ஆள் பேப்பர் போட்டுவிட்டுப் போவான். மூன்று நாள் கே.டி., அதாவது வேலையைச் சொல்லிக்கொடுத்துக் கைமாற்றுவது, அதில் ஒரு நாள் அவனுக்கு ஃபேர்வெல் கேக். நாலாவது நாள் புரொடக்‌ஷன் படுத்துவிடும், எல்லோரும் ஷேடோவைத் திரும்பிப் பார்ப்பார்கள்: "இரண்டு வருஷமா இருக்கீங்களே, இதுகூடத் தெரியாதா?"

பேக்கப் குவார்ட்டர்பேக் கதையும் இதேதான். அமெரிக்கக் காலேஜ் விளையாட்டில் சீசன் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கொடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. மீட்டிங், வீடியோ பார்ப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். இருக்கிற கொஞ்ச நேரத்தில் முதல் டீமோடு எறிந்து பழகுவது பெரும்பாலும் முதல் குவார்ட்டர்பேக். பேக்கப் ஓரமாக நின்று கையை ஆட்டி சிக்னல் காட்டுவான், இல்லாவிட்டால் அடுத்த வாரத்து எதிரணி மாதிரி நடித்துக் காட்டுவான். யார் எவ்வளவு வேகமாகத் திரும்புவான், பந்தை எந்த உயரத்தில் எறிந்தால் பிடிப்பான் என்பதெல்லாம் நோட்டில் இல்லாத பாடம், எறிந்து எறிந்துதான் வரும். போதாக்குறைக்கு ஆட்டத் திட்டம் முழுக்க முதல் ஆளின் கைக்குத் தைத்த சட்டை. அதை இவனுக்கு மாட்டிவிட்டு, தோள் தொங்குகிறதே என்றால் என்ன செய்வது?

எனக்கு இதில் இவ்வளவு சூடு ஏறுவதற்குக் காரணம் உண்டு. காலேஜில் நான் இரண்டாவது விக்கெட் கீப்பர்.

மூன்று வருஷத்தில் இரண்டரை வருஷம் நான் செய்தது வலையில் பந்து பொறுக்கியதும், கிட் பேக்கை ரயிலில் ஏற்றி இறக்கியதும். முதல் கீப்பருக்கு ஒரு வியாழக்கிழமை விரல் உடைந்தது. சனிக்கிழமை தாம்பரம் பக்கம் மேட்டிங் விக்கெட்டில் மேட்ச். எங்கள் ஆஃப் ஸ்பின்னருக்கு உள்ளே திரும்பாமல் நேராகப் போகிற பந்து ஒன்று உண்டு. முதல் கீப்பருக்கு அவன் மணிக்கட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நான் அவனுக்கு ஸ்டம்புக்குப் பக்கத்தில் நின்று பிடித்ததே இல்லை. முதல் ஓவரிலேயே அந்தப் பந்து வந்தது, பேட்ஸ்மேன் ஏமாந்தான், நான் அவனைவிட அதிகமாக ஏமாந்தேன், 'பைஸ்' நாலு ரன். அப்புறம் ஒரு கேட்ச், அப்புறம் ஒரு ஸ்டம்பிங், இரண்டையும் விட்டேன். டிரிங்க்ஸ் இடைவேளையில் பி.டி. சார் எல்லைக் கோட்டிலிருந்தே கையை ஆட்டினார். கிளவுஸைக் கழற்று என்று.

நடு மைதானத்தில் கீப்பிங் கிளவுஸ் கழற்றுவது எப்படி இருக்கும் என்று செய்தவனுக்குத்தான் தெரியும். வேர்வையில் இன்னர் கையோடு ஒட்டிக்கொண்டு வரவே வராது. பல்லால் கடித்து இழுத்தேன். முதல் ஸ்லிப்பில் நின்றவன் அந்த ஈர இன்னரை வாங்கி முகத்தைச் சுளித்துவிட்டு, இன்னர் இல்லாமலே வெறும் கையில் கிளவுஸை மாட்டிக்கொண்டான். நான் பேடையும் அவிழ்த்துக் கொடுத்துவிட்டு ஃபைன் லெக் வரை நடந்தேன். அவ்வளவு பெரிய மைதானம் அது என்று அன்றுதான் தெரிந்தது.

அவன் நாலாவது ஓவரில் ஒரு அருமையான கேட்ச் பிடித்தான். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். எங்கள் பேட்ச் வாட்ஸாப் குரூப்பில் அந்தக் கேட்ச் இன்னும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது எழுந்து வரும்.

அக்கா பையனும் இப்படி ஒரு கேட்சை வைத்துத்தான் வாதாடுகிறான். அவன் கையில் இருக்கிற சீட்டு 2018 ஜனவரி 8 இறுதிப் போட்டி, அலபாமாவும் ஜார்ஜியாவும். நமக்கு அது 9-ஆம் தேதி காலை. இங்கே அரசு பஸ் ஸ்டிரைக் நடந்துகொண்டிருந்தது, ஆபீசுக்கு லேட்டாக வருகிறேன் என்று சொல்லிவிட்டு லேப்டாப்பில் பார்த்தேன். பாதி ஆட்டத்தில் அலபாமா 0-13 பின்தங்கியிருந்தது. இரண்டு வருஷமாக ஜெயித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஜேலன் ஹர்ட்ஸை உட்கார வைத்துவிட்டு கோச் நிக் சேபன் முதல் வருஷப் பையன் டுவா டகோவைலோவாவை இறக்கினார். கூடுதல் நேரத்தில் அந்தப் பையன் முதல் முயற்சியில் மாட்டிக்கொண்டு 16 கெஜம் பின்னால் போனான். அடுத்த முயற்சியிலேயே 41 கெஜம் எறிந்து ஆட்டத்தை முடித்தான். 26-23. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்.

"பாத்தியா மாமா, தூக்கினா ஜெயிக்கலாம்." சரிடா. ஆனால் டுவா யார்? நாடே தேடி வந்து அழைத்த ஆள், சீசன் முழுக்க இரண்டாவதாக நின்று, சுலபமான மேட்சுகளின் கடைசிப் பகுதியில் நிறையவே எறிந்து பழகியவன். அங்கே பேக்கப் தயாராக இருந்தான். உன் டீமில் மூன்றாவது ஆள் தயாரா என்று கேட்டால் இவனிடம் பதில் இல்லை, ஹைஸ்கூலில் அவன் ஆடிய வீடியோ லிங்க்தான் இருக்கிறது.

என் சீட்டு ஸ்டெட்சன் பென்னட். ஜார்ஜியாவில் ஸ்காலர்ஷிப்கூட இல்லாமல் சேர்ந்தவன், இடையில் ஒரு வருஷம் மிசிசிப்பியில் ஒரு ஜூனியர் காலேஜுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தவன். 2021-இல் முதல் ஆள் ஜே.டி. டேனியல்ஸுக்கு அடிபட்டதால் உள்ளே வந்தான், வந்தவன் இடத்தைப் பிடித்துக்கொண்டான். டிசம்பரில் அலபாமாவிடம் 24-41 என்று அடி, அதில் இரண்டு இன்டர்செப்ஷன், அதாவது இவன் எறிந்த பந்தை எதிராளி பிடித்துக்கொண்டது. டேனியல்ஸ் அதற்குள் குணமாகி ஓரத்தில் நிற்கிறான். பேக்கப்பை உட்கார வை, நிஜ ஆளை இறக்கு என்று ஊரே சொன்னது. கோச் கிர்பி ஸ்மார்ட் கேட்கவில்லை. 2022 ஜனவரியில் அதே அலபாமாவோடு இறுதிப் போட்டி. நமக்குப் போகிக்கு இரண்டு நாள் முன்னால் காலை. கடைசிக் கால்பகுதியில் பென்னட் பந்தைக் கைநழுவ விட்டான், அலபாமா அதை வைத்து முன்னால் போனது. அந்த நிமிஷம் எங்கள் பி.டி. சார் அங்கே இருந்திருந்தால் கையை ஆட்டியிருப்பார். பென்னட் அதற்கப்புறம் இரண்டு டச்டவுன் எறிந்தான், நம் ஃபுட்பால் கோல் மாதிரி. 33-18. 1980 சீசனுக்கப்புறம் ஜார்ஜியாவுக்கு முதல் பட்டம். அடுத்த வருஷமும் அவனே, இறுதியில் 65-7.

சென்னைக்காரனுக்கு இதைப் புரியவைக்க ஜார்ஜியா வரை போகவே வேண்டாம். 2019 ஐ.பி.எல்.லில் வாட்சனை எப்போது தூக்குவார்கள் என்று டீக்கடையில் கேட்காத ஆள் உண்டா? நானே கேட்டேன். தோனியும் ஃபிளெமிங்கும் அசையவில்லை. ஏப்ரல் 23 சேப்பாக்கத்தில் ஹைதராபாதுக்கு எதிராக 96, அப்புறம் இறுதியில் முட்டியில் ரத்தம் வழிய 80. அந்த இறுதியை ஒரு ரன்னில் தோற்றோம், அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம். வாட்சன் பேக்கப் இல்லை, பெரிய ஆட்டக்காரர், இரண்டும் ஒன்றில்லை என்று அக்கா பையன் சொல்கிறான். அது உண்மைதான்.

நான் கோச்சாக இருந்தால் இந்தப் பையனை இன்னும் இரண்டு மேட்ச் விடுவேன், ஆனால் ஆட்டத் திட்டத்தைப் பாதியாக வெட்டிவிடுவேன். அவனுக்குக் கை வந்த ஏழெட்டு எறிதல் எது என்று அவனிடமே கேட்பேன். நீளமாக எறிவதைக் குறை, ஓட்டத்தைக் கூட்டு. திங்கட்கிழமையே "இந்த வாரம் நீதான், பாதியில் தூக்க மாட்டேன்" என்று சொல்லிவிடுவேன், ஏனென்றால் ஒவ்வொரு பந்துக்கும் ஓரத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஆடுகிறவன் உருப்பட்டதில்லை. கூடவே அந்தப் பதினெட்டு வயதுப் பையனுக்கு முதல் டீமோடு பயிற்சியில் பங்கு. 2018-இல் வந்த விதிப்படி ஒரு மாணவன் சீசனில் நாலு மேட்ச் வரை ஆடினாலும், காலேஜுக்காக ஆட அவனுக்கு இருக்கிற வருஷக் கணக்கில் ஒன்று குறையாது. அந்த நாலை எப்போது செலவழிப்பது என்று யோசித்துச் செலவழிக்கலாம், ஆத்திரத்தில் செலவழிக்கக் கூடாது. அதற்கப்புறமும் அதே தப்பை அதே இடத்தில் செய்தால் சரி, உட்காரட்டும், நானே சொல்வேன்.

இன்னொன்று, உட்கார வைத்தவன் உட்கார்ந்தே இருப்பான் என்று யார் சொன்னது? ஹர்ட்ஸ் வேறு காலேஜுக்குப் போகாமல் அங்கேயே இருந்தான். அதே 2018 டிசம்பரில், அதே அட்லாண்டா ஸ்டேடியத்தில், அதே ஜார்ஜியாவுக்கு எதிராக டுவாவுக்கு அடிபட, கடைசிக் கால்பகுதியில் ஹர்ட்ஸ் எழுந்து வந்து 35-28 என்று ஜெயித்துக் கொடுத்தான். அது ஆயிரத்தில் ஒன்று. இப்போது டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் இருக்கிறது. படிப்பில் பாஸாகிக்கொண்டிருந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் காலேஜ் மாறலாம், ஒரு வருஷம் காத்திருக்கத் தேவையில்லை. பேக்கப்பை ஊரறிய அவமானப்படுத்தி உட்கார வைத்தால் சீசன் முடிந்த மறுநாள் பையைக் கட்டிவிடுவான். அப்புறம் பதினெட்டு வயதுப் பையனுக்கு அடிபட்டால் யாரைப் போடுவாய்?

எங்கள் காலேஜில் அதுதான் நடந்தது. கேட்ச் பிடித்த அந்த ஸ்லிப் ஆள் அடுத்த மேட்சில் இன்னர் இல்லாமல் நின்று கட்டை விரலை வீங்க வைத்துக்கொண்டான். முதல் கீப்பருக்கு இன்னும் கட்டு பிரிக்கவில்லை. செமிஃபைனலுக்கு முந்தின நாள் ஹாஸ்டல் வாசலில் பி.டி. சார் பைக்கை நிறுத்தி ஹாரன் அடித்தார், நாளைக்கு நீதான் என்று. நான் அந்த ஒரு மாசமாகப் பயிற்சிப் பக்கமே போகவில்லை.

இந்தக் கதையை அக்கா பையனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் கேட்டான், "அப்ப செமிஃபைனல் ஆடுனியா மாமா?"

"ஊருக்குப் போயிருந்தேன்டா" என்றேன்.

"ஹாஸ்டல் வாசல்லன்னு இப்பதானே சொன்ன?"

கரன்ட் வந்துவிட்டது, மோட்டார் போடணும் என்று போனை வைத்துவிட்டேன்.