பம்ப் ஊரில் விமான வேலை

கோவையில் பம்ப் வியாபாரம் வானத்தைப் பார்த்துத்தான் நடக்கும். நல்ல மழை பெய்தால் ஊரே மகிழும். போர்வெல் பம்ப் ஆர்டர் மட்டும் படுத்துவிடும். கணபதியில் அண்ணனும் நானும் நடத்தும் பட்டறை விமான உதிரிபாகங்கள் பக்கம் திரும்பியது இந்த ஏற்ற இறக்கம் தாங்காமல்தான். 1988இல் பயணிகள் சேவைக்கு வந்த ஏர்பஸ் ஏ320 வகை விமானங்கள் இன்றும் தயாராகின்றன. அப்படி ஒரு விமானத்தில் பாகங்களைத் தாங்கிப் பிடிக்கும் ஒரு பிராக்கெட் செய்யும் வேலை கிடைத்தால் பிள்ளைகள் காலம்வரை ஓடும் என்பது அண்ணனின் கணக்கு.

கணினி கட்டளைப்படி உலோகத்தை வெட்டும் ஐந்து அச்சு சிஎன்சி மெஷினைக் கடனுக்குப் பணம் வாங்கிப் போட்டுவிடலாம். எங்களைத் திணறடிப்பது காகிதம். அலுமினியக் கட்டி எந்த உருக்கில் வந்தது என்று காட்டும் ஹீட் நம்பர், அதை வெட்டியவர் யார், எந்தக் கருவியால் அளந்தோம், அந்தக் கருவியைக் கடைசியாக எப்போது சரிபார்த்தோம் என்று எல்லாவற்றுக்கும் பதிவு வேண்டும். விமானத் தொழிலுக்கான ஏஎஸ்9100 தரச் சான்றிதழ் என்றால் அதுதான். பம்ப் இம்பெல்லருக்கு யாரும் ஜாதகம் கேட்டதில்லை! அந்தக் கோப்புகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

2022இல் தமிழக அரசு வெளியிட்ட வான்வெளி, பாதுகாப்புத் தொழில் கொள்கை, பத்து ஆண்டுகளில் 75,000 கோடி ரூபாய் முதலீடும் ஒரு லட்சம் வேலைவாய்ப்பும் என்கிறது. வரட்டும். ஆனால் அவை எப்படிப்பட்ட வேலைகள் என்று யாரும் விளக்குவதில்லை. புது மெஷின் பழைய லேத் போல ஆட்களைக் கேட்பதில்லை. எங்களிடம் இதற்காகச் சேர்ந்தவர்கள் ஒரு புரோகிராமரும், அளவு பார்க்கும் பாலிடெக்னிக் பெண்கள் இருவரும்தான். கை பழகிய லேத் மேஸ்திரி இன்னும் பம்ப் பக்கமே நிற்கிறார்.

இன்னொரு தலைவலி அனோடைசிங், அதாவது அலுமினியத்தின் மேல் அரிப்பைத் தடுக்கும் படலம் ஏற்றும் வேலை. வாடிக்கையாளர் ஒப்புதல் தந்த ஆலையில்தான் செய்ய வேண்டும். எங்களுக்கு வாய்த்தது பெங்களூரில் இருக்கிறது. லாபத்தில் ஒரு பங்கு லாரி வாடகையிலேயே கரைகிறது. வழியில் கீறல் விழுந்தால் அந்தத் துண்டு பழைய இரும்புக் கடைக்குத்தான். சொந்தமாக ஆலை போடலாம் என்றால், ரசாயனக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவை நினைத்தாலே மூச்சு முட்டுகிறது.

கோவையிலேயே ஒப்புதல் பெற்ற பொது ஆலை ஒன்று வந்தால் எங்களைப் போன்ற பட்டறைகள் கட்டணம் கொடுத்துப் பயன்படுத்திக்கொள்வோம். தமிழ்நாட்டில் ராணுவத் தளவாட உற்பத்திக்கென அறிவித்த பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளில் கோவையும் ஒன்று. நிலம் ஒதுக்கும்போது இதற்கும் ஓர் ஏக்கர் ஒதுக்கலாமே? தொழில் சங்கக் கூட்டத்தில் அண்ணன் கேட்கப்போகிறார். மனு எழுதும் வேலை, வழக்கம்போல, எனக்கு.