முகப்பு வெள்ளைச் செங்கல், முதுகு சக்கிமுக்கிக் கல்

இங்கிலாந்தின் கிழக்கே, சஃபோக்கில், ஒரு சின்னக் கிராமத்தில் குடியிருக்கிறோம். வாடகை வீடு, 1820களில் கட்டியது. 1714 முதல் 1830 வரை நான்கு ஜார்ஜ் மன்னர்கள் வரிசையாக ஆண்டதால் அந்தக் காலத்தை ஜார்ஜியன் காலம் என்கிறார்கள். எங்கள் வீடு அதன் வால்.

சாலையிலிருந்து பார்த்தால் பெரிய மனிதர் வீடுதான். நடுவில் ஆறு பலகைக் கதவு, அதன் தலைக்கு மேல் அரைவட்டக் கண்ணாடி, இரு பக்கமும் அளவு பிசகாத ஜன்னல்கள், வெளிர்நிறச் செங்கல், ஸ்லேட் கூரை. கொல்லைப்பக்கம் போனால் சாயம் வெளுத்துவிடும். சக்கிமுக்கிக் கல்லும் உடைந்த சிவப்புச் செங்கல்லும் கையில் அகப்பட்டபடி சேர்த்த சுவர், வளைந்த ஓடு வேய்ந்த கூரை.

இந்த வட்டாரத்தில் கட்டடக் கல் கிடையாது. கல் வீடு போலத் தெரிய வேண்டும் என்ற ஆசை மட்டும் இருந்தது. வுல்பிட் போன்ற ஊர்களின் களிமண்ணில் சுண்ணாம்பு அதிகம் என்பதால் சுட்டால் வெளிறிய செங்கல் வரும். விலை கூடுதல், ஆகவே ஊர் பார்க்கும் முகப்புக்கு மட்டும் அது. போதாக்குறைக்குச் செங்கல்லுக்கு வரி வேறு. அமெரிக்க விடுதலைப் போரில் காலியான கஜானாவை நிரப்ப 1784இல் போட்டார்கள், 1850 வரை எடுக்கவில்லை. எண்ணிக்கைக்குத்தானே வரி என்று சூளைக்காரர்கள் செங்கல்லைப் பெரிதாக்க, அரசு பெரிய செங்கல்லுக்குக் கூடுதல் வரி வைத்தது. எனக்கு இந்த வீட்டின் கொல்லைச் சுவரைத்தான் பிடிக்கிறது. அதில் பாசாங்கு இல்லை.

பக்கச்சுவரில் ஒரு பொய் ஜன்னலும் உண்டு: சட்டம் போட்ட பள்ளம், உள்ளே வெறும் செங்கல். ஜன்னல் வரிக்குப் பயந்து அடைத்தது என்று அடுத்த வீட்டு அம்மையார் அடித்துச் சொல்கிறார். 1696 முதல் 1851 வரை அப்படி ஒரு வரி இருந்தது உண்மை, அதற்காகப் பலர் ஜன்னலை அடைத்ததும் உண்மை. ஆனால் எங்கள் ஜன்னலுக்குப் பின்னால் கணப்பின் புகைவழி போகிறது. அங்கே கண்ணாடி இருந்திருக்கவே முடியாது. பார்வைக்குச் சமச்சீர் வேண்டுமென்று முதலிலேயே அப்படிக் கட்டியது. அம்மையாரிடம் வாதாடவில்லை. அவர் தரும் ஆப்பிள்கள் நன்றாக இருக்கின்றன.

பழைய கட்டடங்களைக் காக்கும் அரசுப் பட்டியலில் எங்கள் வீடு இரண்டாம் நிலையில் இருக்கிறது. அனுமதியில்லாமல் அதன் தன்மையை மாற்றினால் குற்ற வழக்கே வரும். மேலும் கீழும் நகரும் பழைய ஜன்னல்களை எடுத்துவிட்டு இரட்டைக் கண்ணாடி போடுவது நடக்காத காரியம். சட்டத்துக்குள்ளே கயிறு, கப்பி, இரும்பு எடை எல்லாம் ஒளிந்திருக்கின்றன. டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். அப்போது ஜன்னலின் இரு பக்கச் சுவருக்குள் மடங்கியிருக்கும் மரக்கதவுகளை இழுத்துச் சாத்திவிடுவோம். எந்தத் திரைச்சீலையும் குளிரை இப்படித் தடுக்காது.

குளிரைவிடத் தொல்லை கொடுத்தது ஓதம். இந்தச் சுவர்கள் சுண்ணாம்புக் காரையில் எழுந்தவை. உறிஞ்சிய ஈரத்தைச் செங்கல் இடுக்குகள் வழியே வெளியே விட்டுவிடும். முன்பு யாரோ அந்த இடுக்குகளை சிமெண்டால் பூசிவிட்டார்கள். ஈரம் போக வழியின்றி உட்புறப் பூச்சு உப்புப் பூத்து உதிர்ந்தது. வீட்டுச் சொந்தக்காரர் வரவழைத்த கொத்தனார் சிமெண்டைச் சுரண்டிவிட்டுக் காரை வைத்தார். உறைபனியில் காரை பிடிக்காது என்பதால் ஏப்ரல் வரை காத்திருந்தோம். பூசியபின் ஈரச்சாக்கு போட்டு மூடினார்; காரைக்குடிப் பக்கம் பிறந்த எனக்கு அந்த வேலையை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இட்லிப் பானையின் ஆவியும் தாளிக்கும் புகையும்தான் பாக்கி. சுவரில் துளையிட்டு விசிறி வைக்க வீட்டுச் சொந்தக்காரர் அனுமதி கேட்டார். புதுத் துளை எதற்கு, சமையலறையில் சும்மா கிடக்கும் பழைய அடுப்பின் புகைவழியிலேயே குழாயை ஏற்றலாமே என்றார் பார்க்க வந்த அதிகாரி. அப்படியே செய்தோம். வரமிளகாய் வறுக்கும் நாட்களில் மட்டும் இன்னும் கொல்லைக் கதவையும் திறந்து வைக்க வேண்டியிருக்கிறது.