மாமி வீட்டு சோபா கம் பெட்

புது சோபா கம் பெட் வாசலில் வைத்தே விரிந்துவிட்டது. பாதி விறாந்தையில், பாதி ஹோலில். பட்டா லொறியில் ஏற்றிவந்த பெடியன்கள் இரண்டு பேரும் தூக்கவும் முடியாமல் கீழே விடவும் முடியாமல் நிற்க, உள்ளேயிருந்து எங்கள் பாட்டி, பெத்தா, கேட்டா: "என்ன மனே, வாசல்லயே படுக்கப் போறீங்களா?"

சோபா கம் பெட்டில், உள்ளேயிருந்து கட்டிலை இழுத்து விரிக்கிற வகையைச் சரித்துத் தூக்க முதல், உள்ளே இருக்கிற இரும்புச் சட்டத்தை முன்பக்கக் குறுக்குச் சட்டத்தோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் சரிந்த உடனே மடிப்பெல்லாம் தன் பாரத்திலேயே வெளியே வரும். இடையில் விரலை வைத்தவன் பாடு அதோகதி. கட்டி, நாலு காலையும் கழற்றி, குத்தென நிமிர்த்தி, முதுகுப் பக்கத்தை முதலில் நிலைக்குள் விட்டுத் திருப்பி எடுத்தால் மூன்றடிக் கதவால் வந்துவிடும். வந்தது. நிலையில் ஒரு சாண் பெயின்ட் போனது. அதை மாமி இன்னும் நாலு தீபாவளிக்குச் சொல்லுவா.

"நான் அளந்துதானே எடுத்தன்" என்றார் மாமா. அளந்தார்தான், மூடினபடி. கடைக்காரன் கட்டிலையும் சேர்த்து விற்கிறான், ஆனால் எல்லோரும் செற்றியை மட்டும்தான் அளக்கிறார்கள். சுவரிலிருந்து விரித்த கால்மாடு வரை ஏழரை அடி வேண்டும். அதுக்கு அங்கால ஆள் நடக்க இரண்டடி. மாமி வீட்டு ஹோலின் அகலம் பத்தடி, அதில் ரீவி மேசை ஒன்றரை அடி. மிஞ்சுவது ஓரடி. நடுவில் கண்ணாடி டீப்போ மேசை வேறு. அந்த டீப்போவை ஒவ்வொரு இரவும் இரண்டு பேர் தூக்கினால்தான் கட்டில் விரியும். சுவர்ப் பக்கம் படுத்தவர் இரவில் எழும்புவதென்றால் பக்கத்தில் படுத்தவரின் மேலால்தான் போக வேண்டும். வாங்க முதல் பழைய பேப்பரை விரித்த அளவுக்குத் தரையில் ஒட்டி, ஒரு நாள் அதை மிதிக்காமல் வீட்டுக்குள் திரிந்து பார்த்தாலே விசயம் விளங்கிவிடும். முதுகைச் சாய்த்துப் படுக்கையாக்குகிற வகைக்கு இவ்வளவு இடம் போகாது. ஆனால் அதைச் சுவரோடு ஒட்டிப் போட ஏலாது, இருக்கையும் முதுகும் சேருமிடத்தில் நெடுக ஒரு பள்ளமும் இருக்கும். புருசன் பெண்சாதி கோபத்தில் இருக்கிற நாளைக்கு அது வசதிதான்.

திருக்கோவில் ஊர் ஆக்கள் வரமாட்டார்கள், இங்கே மட்டக்களப்பு மாமாங்கக் கோயிலைப் போல அங்கேயும் ஆடி அமாவாசைக்குத்தானே தீர்த்தம் என்பது மாமியின் கணக்கு. அவர்கள் காலையில் அங்கே தீர்த்தமாடிவிட்டு, பின்னேரம் குடும்பத்தோடு கல்லடியில் மாமி வீட்டில் வந்து இறங்கினார்கள். மாமாங்கத்துக்கு வந்த ஆக்கள் ஏற்கனவே அறைகளில். ஆகவே புதுக் கட்டில் பெரியப்பாவுக்கு.

பெரியப்பா செய்த முதல் வேலை கால்மாட்டு நுனியில் போய்க் குந்தியது. இந்த வகையில் நுனிக்கால் முழுதாக நிமிர்ந்து பூட்டாமல் குந்தினால் அந்தப் பக்கம் இறங்கும், தலைமாடு எழும்பும். எழும்பியது. தலைமாட்டில் இருந்த செம்புத் தண்ணீர் மெத்தைக்குப் போனது. பிறகு படுத்தார். மூடி வைப்பதற்காக மெத்தையை நாலு, ஐந்து அங்குலத்துக்கு மேல் போடமாட்டார்கள். ஃபோமும் அடர்த்தி குறைந்ததாக இருந்தால் இடுப்பு நேரே குறுக்குக் கம்பியில் போய் நிற்கும். கடையில் கையால் அமத்திப் பார்க்கிறதில் ஒரு பிரயோசனமும் இல்லை. அடர்த்தி கன மீற்றருக்கு 32 கிலோ அளவிலாவது இருக்கிறதா என்று கேட்டு, வெட்கப்படாமல் பத்து நிமிசம் மல்லாந்து படுத்துப் பார்க்க வேண்டும். வாங்கியாகிவிட்டதென்றால் மேலே இரண்டு அங்குல ஃபோம் விரிக்கலாம், ஆனால் காலையில் அதை எடுத்துத் தனியே வைக்க வேண்டும். உள்ளே விட்டு மூடினால் கீலும் றிவெட்டும் வளையும். மாமி ஃபோமோடு இரண்டு தலகணியையும் ரீவி ரிமோட்டையும் உள்ளே வைத்து மூடினா. மூடுவதற்கு மேலே ஏறிக் குந்தினா. திறக்க மூன்று ஆம்பிளைகள் தேவைப்பட்டார்கள்.

இறுகிவிட்டது என்று தேங்காயெண்ணெய் விட்டதும் மாமிதான். கடற்காற்று அடிக்கிற இடத்தில் இரும்பு துருப்பிடிக்கும், அது உண்மை. அதுக்குக் காய்ந்த துணியால் துடைத்து, றிவெட்டுகளில் மட்டும் சிலிக்கன் ஸ்பிரே அடிக்க வேண்டும். தேங்காயெண்ணெய் தூசியைப் பிடித்துப் பிசினாகும், போதாததுக்கு எறும்பு. பெரியப்பா முதலில் எறும்பால் எழும்பினாரா, ரெக்சினால் எழும்பினாரா என்பதில் இன்னும் வீட்டில் கருத்து வேறுபாடு. ரெக்சினில் வெறும் மேலோடு கிடந்தால் வியர்த்து ஒட்டும். எழும்பும்போது பிளாஸ்டர் உரிக்கிற சத்தம். இந்தப் புழுக்கத்துக்கு மலிவு ரெக்சின் சில வருசத்தில் செதில் செதிலாகவும் உரியும். மருதமுனைக் கைத்தறியில் தடிப்பான துணி எடுத்து, தைக்க முதல் ஊறப்போட்டுச் சுருங்கவிட்டு, சிப் வைத்துக் கழற்றிக் கழுவுகிற உறையாகத் தைப்பது எவ்வளவோ மேல். கோடு போட்டதென்றால் குழம்புக் கறை தெரியாது. மாமி வாங்கியிருப்பது வெள்ளைக் குட்டித் தலகணி, பன்னிரண்டு. இரவில் அவை எங்கே போகும் என்று கேட்டால் கோபம் வருகிறது.

விடியப்புறம் பார்த்தால் பெரியப்பா, பெரியம்மா, பிள்ளைகள் எல்லோரும் விறாந்தையில் பன்பாயில் வரிசையாக.

இதுக்கிடையில் மாமா ஒரு வேலை பார்த்திருந்தார். இருக்கை பதிவாக இருந்ததால் பெத்தாவுக்கு எழும்புவது கஷ்டம். வயதானவர்களுக்கு 18 அங்குல உயரமாவது வேண்டும். நாலு காலுக்கும் கீழே செங்கல் வைத்தார். செற்றி உயர்ந்தது, உள்ளே மடிந்திருக்கிற கட்டிற்கால்கள் உயரவில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு விரித்துப் படுத்த மருமகன் சறுக்கிச் சறுக்கி ரீவி மேசையடியில் போய் நின்றார்.

செங்கலை எடுத்துவிடுவோம் என்று ஆளாளுக்குச் சொல்ல, பெத்தா ஒன்றும் சொல்லவில்லை. கைப்பிடியில் கையை ஊன்றி, யாரையும் கூப்பிடாமல், தானாக எழும்பிக் குசினிக்குப் போனா. இவ்வளவு நாளும் "ஆராவது வாங்ககா" என்று குரல் கொடுத்துவிட்டுக் காத்திருந்த மனுசி.

செங்கல் வழுக்கும், மரக்கட்டை போடுங்கள் என்று சொன்னேன். நாலங்குலச் சதுரம், இரண்டரை அங்குல உயரம், கால் இறங்கி நிற்க அரை அங்குலக் குழி, அடியில் ரப்பர் துண்டு. செற்றிக்கு நாலு, விரிகிற கால்களுக்கு நாலு, மொத்தம் எட்டு.

மாமி தச்சாசாரியிடம் நாலுதான் சொல்லியிருக்கிறா.