"கடிக்குமா?" என்ற கேள்விக்கு அடுத்து

கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தில் பார்வையாளர்களுக்குச் சுறாக்களைப் பற்றி விளக்குவது என் வேலை. முதலில் வரும் கேள்வி எப்போதும் "இது கடிக்குமா?" என்பதுதான். எங்கள் துறையில் பெரும்பாலும் எண்களால் பதில் சொல்வார்கள். சுறாவில் 500-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. மனித உயிரிழப்புகளில் பெரும்பகுதிக்கு வெள்ளைச் சுறா, புலிச் சுறா, காளைச் சுறா ஆகிய மூன்றே காரணம். மனிதர்களால் ஆண்டுதோறும் கொல்லப்படும் சுறாக்களோ கோடிக்கணக்கில். எல்லாம் உண்மை. கேட்பவர் தலையசைப்பார். ஆனாலும் குழந்தையைத் தொட்டியின் கண்ணாடியிலிருந்து ஓரடி தள்ளியே பிடித்துக்கொள்வார்.

நான் பார்த்தவரை மனத்தை மாற்றுவது முட்டைதான். மூங்கில் சுறாவின் முட்டை உறைக்குப் பின்னால் சிறு விளக்கைப் பிடித்தால், மஞ்சள் கருவோடு ஒட்டியபடி வாலை ஓயாமல் ஆட்டும் குஞ்சு தெரியும். உறைக்குள் புதுநீர் வந்துபோவது அந்த அசைவால்தான். எதிரி நெருங்கும்போது உண்டாகும் மின்புலத்தைப் போன்ற ஒன்றைச் ஆய்வாளர்கள் செயற்கையாக உண்டாக்கிச் சோதித்தார்கள். பிறக்காத குஞ்சு செவுள் அசைவைக்கூட நிறுத்திவிட்டு ஆடாமல் கிடந்தது. 2013-இல் வெளியான இந்த ஆய்வைச் சொன்னதும் பிள்ளைகள் கேட்பது: "அப்படியானால் இதை எது தின்னும்?"

அந்தக் கேள்வி வந்துவிட்டால் எனக்கு வழி திறந்துவிடும். கூர்முள் சுறா குட்டியைச் சுமப்பது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். கிரீன்லாந்துச் சுறா இனப்பெருக்கத்துக்குத் தயாராகவே சுமார் 150 ஆண்டுகள் ஆகலாம் என்று 2016-இல் வெளியான ஆய்வு கணித்தது. இப்படி மெல்லப் பெருகும் உயிரினத்தை வேகமாகப் பிடித்தால் என்ன ஆகும்? 1970-க்குப் பிறகான அரை நூற்றாண்டில் பெருங்கடல் சுறாக்களும் திருக்கைகளும் 71 சதவீதம் குறைந்துவிட்டன. முட்டையைப் பார்த்தவர்களுக்கு இந்த எண் வலிக்கிறது.

ஒன்றில் மட்டும் சக பணியாளர்கள் சிலரோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. சுறாவை ஒன்றும் செய்யாத சாது என்று அறிமுகப்படுத்துவது தவறு. புலிச் சுறா வேட்டையாடும் விலங்கு. அந்த மதிப்போடுதான் அதைப் பேச வேண்டும். சுறா கடித்து உறவினரை இழந்தவர் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கலாம். அவர் முன்னால் சுறாவுக்காக வாதாடுவது எனக்குக் கூச்சமாக இருக்கும். காட்டில் புலி இருக்கட்டும் என்று சொல்பவர் அதைத் தடவிக்கொடுக்க நினைப்பதில்லை அல்லவா?

மீனவர்களுக்கான பயிற்சியில் நிலைமை வேறு. அவர்களுக்கு அச்சத்தைப் போக்க யாரும் தேவையில்லை. தவறுதலாகத் தூண்டிலில் மாட்டும் சுறாவை உயிரோடு விடும் முறையை நாங்கள் விளக்கிக்கொண்டிருந்தபோது, மூத்த மீனவர் ஒருவர் எழுந்தார். "தம்பி, மற்றதை விட்டால் பிழைக்கும். கொம்பன் பிழைக்காது. நாங்கள் மேலே இழுப்பதற்குள்ளேயே பாதி செத்திருக்கும்."

அவர் சொன்னது சரி. சுத்தியல் போன்ற தலையுள்ள கொம்பன் சுறா தூண்டிலில் போராடியே வெகு விரைவில் தளர்ந்து இறந்துவிடும். ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. அதன் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்த 2013-இல் நாடுகள் ஒப்புக்கொண்டன. அது பெரிய வெற்றிதான், ஆனால் அந்தக் கட்டுப்பாடு மீன் கரைக்கு வந்த பிறகே வேலை செய்கிறது. ஆகவே பேச்சு தூண்டிலின் பக்கம் திரும்பியது. நீண்ட கயிற்றில் வரிசையாகப் பல கொக்கிகள் தொங்கும் ஆயிரங்கால் தூண்டிலில், கொக்கிக்கு மேலே கம்பிக்குப் பதிலாக நைலான் இழை இருந்தால், சுறா பலவேளை அதைக் கடித்தறுத்துத் தப்பிவிடும். கொக்கியோடு போனாலும் உயிரோடு போகும். போகும் கொக்கிகளுக்கு யார் பணம் தருவது என்று உடனே கேட்டார்கள். நியாயமான கேள்வி; அந்தச் செலவை மீனவர் தலையில் கட்டிவிட்டுச் சுறாவைக் காப்பாற்ற முடியாது என்றே நான் நினைக்கிறேன். இப்போது பயிற்சிக்கான திட்டம் எழுதும்போதெல்லாம் கொக்கிச் செலவை முதல் வரியில் எழுதுகிறேன்.